வாடகை வீட்டில் வைத்த தென்னம்பிள்ளை

ஐப்பசி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை மழை விட்டிருந்த நேரத்தில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் பின்புறத்தில் ஒரு தென்னம்பிள்ளை நட்டேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய பிறகு வந்த ஒரு ஐப்பசி அது. நட்டதோடு நிறுத்தியிருக்கலாம். தேதியையும் எழுதி வைத்தேன்.

அப்போது எனக்குத் தென்காசிக் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா வேலை. வீடு, ஊரைத் தாண்டிக் குற்றாலம் போகும் சாலையில். வாசிக்கிற இங்கிலீஷ் புத்தகங்களில் இந்த மாதங்களை இலை உதிரும் காலம் என்று ஏதோ துக்க வீட்டைச் சொல்வதுபோல எழுதியிருப்பார்கள். எங்கள் பக்கம் நேர் எதிர். புரட்டாசி வெயிலில் ஓடாய்க் காய்ந்து கிடந்த மண் இரண்டு மழையில் இளகி, விரலால் குத்தினாலே குழி விழும். கோர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் தோட்டத்தில் நிற்பேன். அவரைக் கொடி பந்தலின் எந்தக் கம்பைப் பிடித்திருக்கிறது, கல் கட்டிவிட்ட புடலம்பிஞ்சு ராத்திரிக்குள் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். தலையை நிமிர்த்தினால் மலையில் அருவி செம்மண் நிறத்தில் தெரியும்.

ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒரு தகரத் துண்டு நட்டிருந்தேன். மண்ணெண்ணெய் டின்னிலிருந்து வெட்டியது. அதில் விதைத்த தேதியை ஆணியால் கீறியிருப்பேன். தென்னைக்கும் ஒன்று வைத்தேன்.

ஒன்பதாம் தேதி வீட்டுக்காரர் வந்தார். கடையத்தில் வயல் உள்ளவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். ஓடு ஒழுகுகிறது என்று சொல்லியிருந்தேன். அதைப் பார்க்க வந்தவர் பின்புறமும் வந்தார்.

“என்னவே இது, வரிசையா சமாதி கட்டி வச்ச மாதிரி?” என்று தகரங்களைப் பார்த்துச் சிரித்தார். ஒவ்வொன்றாகக் குனிந்து வாசித்துக்கொண்டே போனவர் கடைசித் தகரத்தில் நின்றார். சிரிப்பு போய்விட்டது.

“தென்னையா? யாரைக் கேட்டு வச்சீரு?”

“சும்மா கிடந்த இடம்தானே அண்ணாச்சி. வடகரையில தெரிஞ்சவர் ஒருத்தர் நல்ல பிள்ளைன்னு குடுத்தாரு.”

“புடலை வையும், கத்திரி வையும். ஒரு மழைக்கு வந்து ஒரு வெயிலுக்குப் போயிரும். தென்னை அப்படியா? நாளைக்கு உம்ம பேரன் வந்து, எங்க தாத்தா வச்ச மரம், எங்க இடம்னு நிப்பான். அதுல தேதி வேற. கோர்ட்டுல இருக்க ஆளு, சாட்சி தயார் பண்ணுதீரோ?”

இது வெறும் பழக்கம்தான் என்று காட்ட உள்ளே ஓடி என் குறிப்பு நோட்டை எடுத்துவந்து நீட்டினேன். அதைவிட மடத்தனம் கிடையாது. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். கிணறு தூர் வாரியது. வேலி கட்டியது. பின்சுவர் பூசியது. எல்லாம் நான் செய்தவை, எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. குடியிருந்தவன் மரம் வைத்து, பிறகு மண்ணுக்கே பாத்தியதை கொண்டாடிய வழக்குகளுக்கு நானே நகல் எழுதியிருக்கிறேன். அவற்றில் வருவதும் இதே மாதிரி வரிகள்தான்.

நோட்டை என் கையில் வைத்தார். “மாசக் கடைசியில வீட்டை ஒழிச்சுக் குடும்வே.”

அவர் தலை மறைந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். “உங்களுக்கு என்ன கோட்டியா? அவரு கேட்டது மரத்தை. நீங்க போயி நோட்டையும்லா எடுத்துக் காட்டுதீக!”

அந்த வாரம் முழுவதும் மழை. சாயந்தரம் குடையோடு வீடு தேடி அலைந்தேன். யுத்த காலத்தில் வீடு எங்கே கிடைக்கிறது? எட்டு மாதக் குழந்தைக்கு இருமல். இருந்தாலும் காலையில் கால் தானாகத் தோட்டத்துக்குப் போனது. என் மனைவியும் மிளகாய் நாற்றைப் பிரித்து நட்டுக்கொண்டிருந்தாள். “யாரு திங்கப் போறா?” என்றேன். “அது மிளகாய்க்குத் தெரியவா போகுது? சும்மா நிக்காம தண்ணியை வடிய விடுங்க” என்றாள்.

தென்னம்பிள்ளையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கடையத்துக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். எறிய எனக்கு மனசு வரவில்லை. நீங்களே வந்து நில்லுங்கள், உங்கள் முன்னால் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

பதினாறாம் தேதி தூறலில் வந்தார். குழிக்குள் இறங்கி, தேங்காயோடு பிள்ளையைத் தூக்கினேன். அடியில் நாலைந்து வெள்ளை வேர்கள் மண்ணைப் பிடித்திருந்தன.

“வேரு விட்டுட்டோ?” என்றார். குனிந்து ஒரு வேரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குடையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். “மேல வாரும். அதை இங்கன குடும்.”

அவரே குழிக்குள் இறங்கி, அவரே வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். “இப்ப இது யாரு வச்ச மரம்?”

“நீங்க வச்சது அண்ணாச்சி.”

“அதையும் எழுதும். தேதி போட்டு எழுதும்.” குடையை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

நான் குழியைப் பார்த்தேன். ஆழமாக வைத்து, குருத்தின் கழுத்து வரை மண்ணை மூடிவிட்டார். இந்த மழைக்கு அங்கே தண்ணீர் தேங்கி, பத்து நாளில் குருத்து அழுகிவிடும். என் மனைவி நான் பார்த்த இடத்தைப் பார்த்தாள். வாயைத் திறக்காதீர்கள் என்று கண்ணாலேயே சொன்னாள். வீட்டைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவர் வைத்ததில் குற்றம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அவர் போன பிறகு நானே சரிசெய்யலாம். ஆனால் அது அவர் மரம். அவருக்குத் தெரியாமல் தொட்டால் அவர் சந்தேகப்பட்டதுதான் சரி என்று ஆகிவிடும்.

நடைவாசலில் எட்டிப் பிடித்தேன். “அண்ணாச்சி, கோவப்படக்கூடாது. கழுத்து மூடியிருக்கு. அழுகிப் போகும்.”

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நாப்பது வருசமா நெல்லு போடுதேன். எனக்குத் தென்னை வைக்கத் தெரியாதுங்கீரா?”

அவர் குழிவரை திரும்பி வந்து, குனிந்து, கழுத்து இருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

“எடுத்துச் சரியா வையும். நான் நிக்கேன்.”

மண்ணை அள்ளி, கழுத்து வெளியே தெரியும்படி தூக்கி வைத்தேன். தலைக்கு மேல் மழை விழாததை அப்புறம்தான் கவனித்தேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்திருந்தார்.

“காய்க்க எத்தனை வருசம் ஆகும்?”

“ஆறோ ஏழோ ஆகும் அண்ணாச்சி.”

“அதுவரைக்கும் யாரு தண்ணி ஊத்துவா? நான் கடையத்துல இருந்து குடம் தூக்கிட்டு வருவனா?”

பின்வாசலில் நின்ற என் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். “காப்பி போடுதேன், இருங்க அண்ணாச்சி.”

“சீனி இருக்கா தாயி?”

“இல்ல. கருப்பட்டிதான்.”

“அப்ப கொஞ்சம் கூடவே போடு” என்று சொல்லி, ஒழுகுகிற ஓடு எது என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே போனார்.