லினக்ஸ்: ஒரே ஒரு வருகையாளர்

நான் ஒரு மனிதரைக் காட்டிக் கொடுத்தேன்.

அவர் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து நாலு வரி எழுதினார் என்று நினைத்தேன்... அவ்வளவுதான். அதற்கே அவருடைய சிங்கப்பூர் வாழ்க்கை முடிந்துபோயிற்று. முடித்துவைத்தவள் நான்! என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல முடிகிறது, ஏனென்றால் நாளைக்குக் காலையில் நான் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

எங்கள் நிறுவனத்தின் சமையற்கூடம் ஜூரோங்கில் இருக்கிறது. கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை செய்யும் ஊழியர்களுக்கு அங்கிருந்துதான் பொட்டலச் சாப்பாடு போகிறது. அலுவலகம் மட்டும் தேக்கா சந்தைக்குப் பின்னால், ஒரு கடைவீட்டின் மாடியில். வீடிருக்கும் பூன் லேயிலிருந்து ரயிலேறி அங்கே போய் உட்கார்ந்து, நிறுவனத்தின் இணையத்தளத்தைக் கவனித்துக்கொள்வது என் வேலை. சைவமா அசைவமா என்று ஊழியர்கள் வாராவாரம் தெரிவிப்பது அதில்தான்.

மாதம் பிறந்தால் ஓர் அறிக்கை தயாரிப்பேன். தளத்துக்கு வந்தவர்கள் எந்த உலாவியைப் பயன்படுத்தினார்கள், குரோமா, சஃபாரியா... எந்த இயங்குதளம், ஆண்ட்ராய்டா, விண்டோஸா... இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? பழைய கைபேசி வைத்திருப்பவருக்கும் பக்கம் ஒழுங்காகத் திறக்க வேண்டுமே! நல்ல எண்ணத்தில் தொடங்கிய காரியம்தான்.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ... நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்த உடனே, உங்கள் உலாவி தன் பெயரையும் தான் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது என்பதையும் தானாகவே சொல்லிவிடும். உங்களை ஒரு வார்த்தை கேட்காது. பெயர் போகாது, முகம் போகாது, உண்மைதான். ஆனால் கூட்டத்தில் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டிருக்க, ஒருவர் மட்டும் சிவப்புச் சட்டையில் வந்தால்? பெயர் எதற்கு!

பாலமுருகனுக்கு அந்தச் சிவப்புச் சட்டையை மாட்டிவிட்டதும் நானே.

பாலமுருகன் சமையற்கூடத்தில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தார். அரியலூர்ப் பக்கம். மேற்பார்வையாளர் ஆவதற்கு ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தார். பாடம் படிக்கக் கணினி வேண்டும் என்று என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். அலுவலகத்தில் கழித்துப்போட்ட மடிக்கணினி ஒன்று கிடந்தது. விண்டோஸ் அதில் திறப்பதற்குள் கடைக்குப் போய்ப் பால் சேர்க்காத தே ஓ ஒன்று குடித்துவிட்டு வந்துவிடலாம், அப்படி ஒரு வேகம். நான் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். ஓட ஆரம்பித்துவிட்டது! எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் ஏதோ படிவம் கொடுக்க வந்தவர், முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"எங்க ரூமே உங்க பேரத்தான் சொல்லுதுக்கா. ஞாயித்துக்கிழமை ஆனா ஊருக்கு வீடியோ கால் பேச க்யூ நிக்கிறாங்க. எனக்கே டர்ன் கெடைக்க மாட்டேங்குது!"

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தேன்... மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

தளத்தில் ஒரு புகார்ப் பக்கமும் உண்டு. அதன் தலைப்பில் நான் எழுதிய வரிகள் இவை: 'உங்கள் பெயர் தேவையில்லை. தயங்காமல் எழுதுங்கள். நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது.'

ஒருநாள் அதில் தமிழில் நீளமாக ஒரு புகார் வந்தது. விடியும் முன்பே கட்டிய சாம்பாரை மதியம் திறந்தால் புளித்த வாடை அடிக்கிறது, பாதிப் பேர் பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறார்கள், மீன் குழம்பு சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு, லாரி கிளம்புகிற நேரத்தை மாற்றுங்கள்... இல்லாவிட்டால் அரசாங்க அமைச்சுக்கு எழுதுவோம். லாரி நேரம் வரைக்கும் தெரிந்து எழுதியிருந்ததால், உள்ளே வேலை செய்யும் ஆள்தான் என்பது பளிச்சென்று தெரிந்தது.

முதலாளியை நாங்கள் பாஸ் என்போம்; பேச்சுக்குப் பேச்சு சிங்கப்பூர் 'லா' போடுகிறவர். அன்று அவர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ரேவதி, இத எழுதினது யாருன்னு பாக்க முடியுமா?"

"பேர்லாம் வராது பாஸ்."

"பேர் வராதுன்னா? அப்ப மன்த்லி ஒரு ரிப்போர்ட் அனுப்புறியே, அது எதுக்கு லா?"

சுருக்கென்றது. அந்த அறிக்கையை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த ஒரு கேள்வி என்னை எழுப்பி உட்காரவைத்துவிட்டது.

பயந்துபோய்ச் செய்தேன் என்று எழுதினால் நீங்கள் மன்னித்துவிடக்கூடும். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம், பயமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பயம் பாதிதான். மீதி... கர்வம். என்னால் கண்டுபிடிக்க முடியும் என்ற கர்வம்! புகார் வந்த நேரத்தை எடுத்தேன், அந்த நேரத்து வருகைகளைப் பிரித்தேன். ஆண்ட்ராய்டு, ஆண்ட்ராய்டு, ஆண்ட்ராய்டு... நடுவில் ஒரே ஒரு வரி. லினக்ஸ்: ஒரு வருகையாளர்.

எங்கள் தளத்துக்கு வருகிறவர்களில் லினக்ஸ் வைத்திருந்தவர் வேறு யார்? நான் போட்டுக் கொடுத்ததுதானே!

அந்த நொடியில் அவருடைய சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தது. எங்க ரூமே உங்க பேரத்தான் சொல்லுதுக்கா... வந்தது, நிச்சயமாக வந்தது. ஓர் அறை முழுக்கப் பயன்படுத்தும் கணினி அது. அதில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். என் வீட்டில் ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு மடிக்கணினி. ஒரு கருவி என்றால் ஒரு மனிதர் என்று எண்ணியே பழகியவள். அவர்கள் அறையில் கணக்கு அப்படி இல்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் பாஸின் அறைக்குள் போய் நின்றேன்.

"பாலமுருகன்தான் பாஸ்."

"ஷுவரா?"

எனக்குக் கடைசி வாய்ப்பு அந்த ஒற்றைச் சொல்தான். "அந்த மெஷின் அவரோடது, ஆனா எழுதினது அவர்தானான்னு தெரியாது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னேன்: "ஷுவர்."

பாஸ் தலையை ஆட்டினார். "பரவால்ல லா, உன் ரிப்போர்ட்டும் யூஸ் ஆவுது." அன்று அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்... இனித்தது!

சில நாளில் பாலமுருகனின் வேலை அனுமதியை ரத்துசெய்துவிட்டார்கள்; இனி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆள் குறைப்பு என்று காரணம் காட்டினார்கள். ஆனால் குறைந்த ஆள் அவர் ஒருவர்தான். வகுப்பின் தேர்வு அடுத்த மாதம் இருந்தது.

காகிதங்களில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வந்தவர் என் மேசைக்கும் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அந்த மடிக்கணினி, துடைத்து, ஒயரைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு...

"கம்பெனி சாமான்க்கா. உங்ககிட்டயே குடுத்துடறேன்."

வாங்கிக்கொண்டேன். மேசையின் கீழ் அறையில் வைத்தேன்.

"என்ன தப்பு பண்ணேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நீங்க பாஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களாக்கா? தெரிஞ்சாப் போதும்."

"கேக்கறேன்" என்றேன்.

யாரிடம் கேட்பது? என்னிடமா?

அவர் போன பிறகும் நான் வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தேன். அவர்தானே எழுதினார், விளைவு தெரிந்துதானே எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசிப்போன சாம்பாரை ஊசிப்போனது என்று சொன்னவர்மேல் பழியைப் போட்டுவிட்டு, நான் தேக்காவில் சூடாகத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் செய்த பாவம் அந்தத் தேக்காவிலேயே என்னைப் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காய்கறி வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக் கடைகள் பக்கம் வந்தபோது, எங்கள் லாரி ஓட்டுநர் குமரேசன் எதிரே வந்தார். என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். பாலமுருகனோடு ஒரே அறையில் இருந்தவர். உட்காருமா என்று வற்புறுத்தித் தே வாங்கிக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்மா. அந்தச் சாப்பாட்டு கம்ப்ளெய்ன்ட்... அத எழுதினது நான்தான்."

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. சுற்றிலும் தட்டுச் சத்தம், தமிழ், மலாய், சீனம்... எதுவும் கேட்கவில்லை.

"என் போன்ல எழுதினா நம்பர வச்சுப் புடிச்சிருவாங்கன்னு பயம். லேப்டாப்ல நம்பர் கெடையாதுல்ல, ரூமுக்கே பொதுவானதாச்சேன்னு அதுல எழுதினேன். பாலா அப்ப குளிக்கப் போயிருந்தான். அவனுக்கு இந்த விசயமே தெரியாது."

காய்கறிப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"அவன அனுப்புனதுக்கும் இதுக்கும் எதுவும் சம்பந்தம் இருக்காம்மா? இருந்தாச் சொல்லிருங்க. நாளைக்கே பாஸ்கிட்டப் போயி, எழுதுனவன் நான்தான், அவனத் திருப்பிக் கூப்பிடுங்கன்னு சொல்லிடறேன். ராத்திரி தூக்கம் வரல. பேரு போவாதுன்னு நீங்கதான போட்டிருந்தீங்க?"

இப்போது என் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆமாம் என்றால் குமரேசன் உண்மையாகவே பாஸிடம் போவார். அவரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதோடு நான் செய்ததும் வெளியே வரும். இல்லை என்றால் பாலமுருகன் திரும்பிவர இருந்த ஒரே கதவும் மூடிக்கொள்ளும்.

"சம்பந்தமே இல்லண்ணே. பேர்லாம் போகாது லா. நீங்க நிம்மதியா இருங்க."

அவர் பெருமூச்சு விட்டார். கண் கலங்கி, இரண்டு கையையும் கூப்பினார். என்னைப் பார்த்து! அந்தத் தேயை நான் குடித்து முடித்தேன், எப்படி என்று கேட்காதீர்கள்.

குமரேசனைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று ஆயிரம் முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். நம்ப முடியவில்லை. வாயைத் திறந்தபோது எனக்கு அவர் ஞாபகம் இல்லை... என் மேசை, என் பெயர், என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கப்போகும் பார்வை, இவைதான் இருந்தன. நான் தனியாக பாஸிடம் போய், "நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். குமரேசனின் பெயர் அதில் வரவே வேண்டாம். இன்றுகூடச் சொல்லலாம். பாஸின் அறைக் கதவு என் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம்தான்.

போகவில்லை. இன்றும் போகவில்லை.

அதன்பிறகு புகார்ப் பக்கத்தில் யாரும் எதுவும் எழுதியதில்லை. சாப்பாட்டில் குறையே இல்லை என்று பாஸ் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். லாரி அதே நேரத்துக்குத்தான் கிளம்புகிறது. என் வரிகளும் அங்கேயே இருக்கின்றன: நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. எடுத்துவிடலாம் என்று பலமுறை கை போயிருக்கிறது. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்பார்களோ... மடிக்கணினி என் மேசையின் கீழ் அறையில் அதே பையில் கிடக்கிறது. ரப்பர் வளையத்தைக்கூட நான் கழற்றவில்லை.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

எங்கள் தளத்தில் வேலைவாய்ப்புப் பக்கம் என்று ஒன்று உண்டு. யாரும் அதை எட்டிப் பார்ப்பதில்லை. கொஞ்ச காலமாக ஒருவர் பார்க்கிறார். இந்தியாவிலிருந்து, பழைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றில், காலை வேளையில். பக்கம் திறக்கிறது, சிறிது நேரம் இருக்கிறது, மூடிக்கொள்கிறது. மறுநாளும் அப்படியே.

அது பாலமுருகன்தான் என்று சொல்ல எனக்கு இனிமேல் வாய் வராது. ஒரு கருவியை வைத்து ஒரு மனிதரை அடையாளம் சொன்ன வாய் அல்லவா இது! வேறு யாராகவும் இருக்கலாம். வேலை தேடுகிறவர்களுக்கா பஞ்சம்? இப்படி நினைத்துக்கொண்டேதான் தினமும் அந்த வரியைத் தேடிப் போகிறேன்.

நேற்று அந்த வருகை பதிவாகவில்லை. அப்பாடா என்று இருக்கும் என எதிர்பார்த்தேன். இல்லை! உடம்புக்கு என்னவோ, நம்பிக்கையை விட்டுவிட்டாரோ என்று நாள் முழுக்கப் பதைத்தேன். இன்று அலுவலகத்துக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் திறந்து பார்த்தேன்.

வந்திருந்தார். அவர் படித்துவிட்டுப் போன பக்கத்தில், நான் எழுதிவைத்த ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'தற்போது காலியிடம் இல்லை.'