மறைந்துபோனவர்கள் என்று சொல்லப்பட்ட தெரு

ஓட்டுநர்கள் எல்லாரும் அவளை ‘மைக்கக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடமாகச் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி. மூக்குக்கு மேல் கோபம். போட்டோ எடுத்தே கூட்டத்தை வெயிலில் காய வைத்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை, “ஐயா, வாய்தா வாங்குனது போதும், ஏறுங்க” என்று ஏற்றியவள்.

அவளுடைய பாதை ஆறு நாள், நான்கு பழைய நகரங்கள். மலையின் இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் வேறொன்று. ஒரு கூட்டம் கும்பிட்ட இடத்தில் அடுத்த கூட்டம் தூண் நட்டிருக்கும். அதன்மேல் மூன்றாவது கூட்டம் கூரை போட்டிருக்கும். எது யாருடையது என்று எந்தத் தாளையும் பார்க்காமல் சொல்வாள்.

மூன்றாம் நாள் கல் நகரம். கோட்டை மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தால், மதிலுக்குக் கீழே நாற்பத்தொரு வீடுகள் கொண்ட ஒரு தெரு. அவள் பிறந்தது அங்கேதான். ஒன்பதாவது வீட்டில் அவளுடைய அம்மா இருந்தாள். கோட்டையைக் கட்டியவர்கள் இந்தத் தெருக்காரர்களுடைய முன்னோர்கள். அவர்களுடைய மொழி இப்போது அந்தத் தெருவில் மட்டும்தான் பேசப்பட்டது. ஆனால் பயணிகளிடம் சொந்தக் கதை பேசக் கூடாது என்பது கம்பெனி விதி. அவளும் பேசியதில்லை.

அந்த வருடம் ஒரே வாரத்தில் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, நாற்பத்தொரு கதவுகளிலும் ஒட்டப்பட்ட நோட்டீஸ். பேருந்து நிறுத்துமிடம் வரப்போகிறது, மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். இன்னொன்று, மேனேஜர் கொடுத்த புது வாசகம். ‘இக்கோட்டையை எழுப்பிய மக்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன் தடயமே இல்லாமல் மறைந்துபோனார்கள்.’

“சார், இது பொய்.”

“கேக்குறவங்களுக்கு ஒரு மர்மம் வேணும்ல?”

“எங்க அம்மா மர்மமா சார்?”

“உங்க அம்மாவை யாரு இழுத்தா? நகராட்சியில இருந்து வந்த வாசகம் இது. எழுதிக் குடுத்ததைப் படிங்க. எனக்கெதுக்கு வம்பு?”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆளே இல்லையென்று ஆகிவிட்டால், யாரையும் விரட்டியதாகவும் ஆகாது.

மூன்று பயணங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் படித்தாள். ஒவ்வொரு முறையும் கீழே பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். கோபம் மேனேஜர் மேல் பாதி, தன்மேல் பாதி.

நான்காவது பயணத்தில் குடையோடு வந்த ஒரு டீச்சர் கையைத் தூக்கினார். “ஒரு சந்தேகம்மா. எல்லாரும் மறைஞ்சுட்டாங்கன்னா, கீழ அந்தத் துணியெல்லாம் யாரு காயப்போட்டது?”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஒன்பதாவது வீட்டு மாடியில் ஒரு நீலப் போர்வை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

“அந்தப் போர்வை எங்க அம்மாவோடது” என்றாள் மைக்கில். அதற்குப் பிறகு அவள் வாயை யாராலும் அடைக்க முடியவில்லை. நோட்டீஸ், வாசகம், மேனேஜர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். “வாங்க, மறைஞ்சு போனவங்களை ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்” என்று படியிறங்கினாள். முப்பத்திரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

“அக்கா, வேலை போயிரும்!” என்று ஓட்டுநர் மேலிருந்து கத்தினார்.

“போகட்டும்!”

அம்மா கத்தியும் வெங்காயமுமாகக் கதவைத் திறந்தாள். “என்னடி, ஊரையே திரட்டிட்டு வந்து நிக்கிற? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வீடு கெடக்குற லட்சணத்தைப் பாரு!” திட்டி முடித்த அதே மூச்சில், “உள்ள வாங்க, உக்காருங்க” என்று பயணிகளை அழைத்தாள். அடுப்புக்குப் பின்சுவரில் கோட்டை வாசலில் இருக்கும் அதே எழுத்தில் ஒரு வரி இருந்தது. அம்மா வாசித்தாள், மகள் அர்த்தம் சொன்னாள்: ‘இந்தக் கல்லை வைத்தவன் இடது கைக்காரன்.’

“இவ அப்பாவும் இடது கைதான்” என்றாள் அம்மா.

டீச்சர் கதவிலிருந்த நோட்டீஸை வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். “மூணு பேரு புகார் எழுதியிருக்காங்க.”

“மிச்சம் இருபத்தொம்போது பேரு?”

“அவங்க எங்கிட்ட எழுதலையே. நாளையில இருந்து வராதீங்க. என்னைத் தப்பா நினைக்காதீங்க, எனக்கும் குடும்பம் இருக்கு.”

“எனக்கு இல்லைன்னுதானே சார் படிக்கச் சொன்னீங்க?” மைக்கை மேஜைமேல் போட்டுவிட்டு வந்தாள்.

மிச்சப் பேரில் பலர் நகராட்சிக்கு எழுதியிருந்தார்கள். டீச்சர் முன்னால் நின்று எழுதிய கடிதத்தில் பத்தொன்பது கையெழுத்துகள், கூடவே போட்டோக்கள். அதன்பேரில் நகராட்சி வைத்த விசாரணையன்று மைக்கக்கா நாற்பத்தொரு வீட்டு ஆட்களையும் திரட்டிக்கொண்டு போனாள். அறை கொள்ளவில்லை.

அதிகாரி கோப்பிலிருந்து தலை எடுக்காமல், “அங்க குடியிருப்பே இல்லைன்னு அறிக்கை இருக்கே” என்றார்.

“தலையை நிமித்திப் பாருப்பா” என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்தார். பார்த்தார். விசாரணையைத் தள்ளி வைத்தார். இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது: முப்பது வீடுகள் இருக்கலாம்; மதில் வாசலை ஒட்டிய பதினொன்று போக வேண்டும். ஒன்பதாவது வீடு அந்தப் பதினொன்றில் இருந்தது.

இடித்த அன்று எழுத்து வெட்டிய அந்த அடுப்படிக் கல்லையாவது கொடுங்கள் என்று கெஞ்சினாள். இயந்திரம் நிற்கவில்லை. கல் நான்காக உடைந்தது. முப்பதைக் காப்பாற்றியதற்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடம், “பதினொண்ணு போச்சே, அதைப் பேசுங்க!” என்று எரிந்து விழுந்தாள். அம்மா இப்போது மகளின் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருக்கிறாள். லிஃப்ட்டைத் திட்டுகிறாள், அக்கம்பக்கத்தைத் திட்டுகிறாள்.

மைக்கக்கா இப்போது தனியாக நடைப்பயணம் நடத்துகிறாள். பேருந்து நிறுத்துமிடத்துத் தாருக்கு நடுவில் நின்று, “இங்க நின்னது எங்க வீடு. இடிச்சவங்க இன்னும் சம்பளம் வாங்குறாங்க” என்று தொடங்குவாள். சிலர் நெளிவார்கள். நெளியட்டும் என்பாள்.

பழைய கம்பெனிப் பேருந்து இன்னும் வருகிறது. புதிதாக வந்த வழிகாட்டிப் பெண், ‘இன்று ஒரு சில குடும்பங்களே எஞ்சியுள்ளன’ என்று திருத்திய வாசகத்தைப் படிக்கிறாள். ஒருநாள் மைக்கக்கா நேராகப் போய்ப் பேருந்தின் கண்ணாடியைத் தட்டினாள். பெண் பயந்துபோய்க் கண்ணாடியை இறக்கினாள்.

“ஒரு சில இல்லம்மா. முப்பது வீடு, நூத்தி நாப்பத்தேழு பேரு. எண்ணிச் சொல்லு.”

அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், பயணிகளைப் பார்த்தாள். பிறகு மைக்கை எடுத்து, “முப்பது வீடுகள்” என்றாள்.

“இன்னும் சத்தமா” என்றாள் மைக்கக்கா.