வெல்லத் தவளையின் அடக்கவிலை

ஒரு தவளை செய்ய என்ன செலவாகும் என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். உயிருள்ள தவளை அல்ல. தூண்டிலில் கட்டி ஏரியில் வீசினால் விரால் மீன் ஏமாந்து கவ்வுகிற பொய்த் தவளை. அதன் அடக்கவிலை இரண்டணா. அந்தக் கணக்கைப் போட்டவள் நான். போடச் சொன்னவர் என் சித்தப்பா.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற மேட்டு நிலமும், கிணற்றடியில் கொஞ்சம் கரும்பும் இருந்தன. அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அவர் ஏர் பிடித்து யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நாள் மாட்டு வியாபாரம் செய்தார். கொஞ்ச நாள் புளி வாங்கி விற்றார். ஒரு நாடகக் கம்பெனியோடு சேர்ந்து திருப்பத்தூர் வரை போய்த் திரும்பி வந்தார். கடைசியாகச் சேலத்தில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இதிலாவது நிலைத்துவிடுவார் என்று எல்லோரும் நம்பத் தொடங்கிய நேரத்தில் காகிதத்துக்குப் பஞ்சம் வந்து, அந்த அச்சகமே நிலைக்கவில்லை.

சித்தப்பா ஊருக்கு வந்து சேர்ந்த சில நாட்களில் சித்தி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொம்மிடிக்குத் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. குரல்கூட உயரவில்லை. அதுதான் அம்மாவுக்குக் கவலையாக இருந்தது.

சித்தியின் அப்பா பொம்மிடி ரயிலடிக்குப் பக்கத்தில் நிலக்கடலை மண்டி வைத்திருந்தார். அழைத்துவரப் போன என் அப்பா தனியாகத் திரும்பி வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது, சித்தியின் அப்பா சொன்னதை அப்படியே சொன்னார்.

“மாப்ள ஏதாச்சும் ஒரு தொழில்ல இருக்கட்டுங்க. அதுல என்னா போடறாரு, என்னா எடுக்கறாருன்னு எங்கிட்ட வந்து கணக்குச் சொல்லட்டும். அன்னிக்கே பொண்ண அனுப்பி வெக்கறேன்னாரு.”

சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். அவர் போனது ஒகேனக்கல்லுக்கு.

அங்கே பயணிகள் பங்களாவில் சமையல் செய்தவர் சித்தப்பாவுக்கு நாடகக் கம்பெனிக் காலத்துப் பழக்கம். பெங்களூரிலிருந்து லீவில் வரும் வெள்ளைக்கார அதிகாரிகள் ஆற்று மடுக்களில் மீன் பிடிப்பார்கள். அவர்களுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த ரப்பர்த் தவளைகள் சண்டையால் நின்றுபோயிருந்தன. வெடித்துப்போன ஒரு பழைய தவளையைச் சமையல்காரர் சித்தப்பாவிடம் கொடுத்து, இதேபோல் மெத்தென்று ஒன்று செய்து கொடுத்தால் நாலணா தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் அதை என்ன விலைக்கு விற்பார் என்று சித்தப்பா கேட்கவில்லை.

ரப்பருக்கு எங்கே போவது? சைக்கிள் ட்யூபுக்கே பெர்மிட் கேட்ட காலம் அது. சித்தப்பாவுக்கு அச்சகத்து ரோலர் ஞாபகம் வந்தது. எழுத்துகளின் மேல் மை தடவுகிற அந்த உருளையை வச்சிரத்தையும் வெல்லப்பாகையும் சேர்த்துக் காய்ச்சித்தான் வார்ப்பார்களாம். வச்சிரம் என்பது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. தச்சர்கள் மரம் ஒட்டுவது. தனியாக அது கல் மாதிரி காயும். வெல்லம் சேர்ந்தால் காது மடல் மாதிரி மெத்தென்று நிற்கும்.

வெடித்த தவளையைக் களிமண்ணில் எட்டு இடத்தில் பதித்து அச்சு எடுத்தார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார். வச்சிரம் கொதித்தபோது எழுந்த நாற்றத்தில் எங்கள் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஆனாலும் அச்சைப் பிரித்தபோது எட்டுத் தவளைகள் பளபளவென்று வெளியே வந்தன. காலைப் பிடித்து இழுத்தால் நீண்டன, விட்டால் சுருங்கின. நான் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடினேன்.

மறுநாள் ஏரியில் வீசிப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் தவளை உப்பியது. பிறகு வழவழத்தது. தூண்டிலை இழுத்தபோது முள் மட்டும் வந்தது. கரைந்த வெல்லத்துக்குக் குட்டி மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்துவிட்டுப் போயின. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாக இருந்தது. சித்தப்பா முள்ளைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“சரி, வா. மறுபடி காய்ச்சலாம்.”

அன்றிலிருந்து அவர் வேறு எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை. வெல்லத்தைக் குறைத்தார், தவளை விறைத்தது. விளக்கெண்ணெய் தடவினார், அதைத் தாண்டியும் நீர் புகுந்தது. மெழுகில் முக்கினார், காலை மடக்கியதும் மெழுகு உதிர்ந்தது. கொடியில் கட்டித் தொங்கவிட்டவற்றை எறும்பு தின்றது, கீழே வைத்தவற்றை நாய் தின்றது. குப்பைக்குழியில் அரைகுறைத் தவளைகள் குவிந்தன.

“அண்ணன் வெளைய வெக்கறதெல்லாம் தம்பி குழியில கொட்டறாரு” என்று அம்மா என்னிடம் சொல்லுவாள், அவர் காதில் விழும்படி. ஆனால் வெல்ல மிடாவை அவள் ஒருநாளும் மூடி மறைத்து வைத்ததில்லை.

ஒரு நாள் கிணற்றடியில் அப்பா மாடு பூட்டி நீர் இறைத்துக்கொண்டிருந்தார். நீர் மொள்ளும் சாலின் அடியில் தோலால் தைத்த வால் ஒன்று தொங்கும். மேலே வந்ததும் அதன் வழியாகத்தான் நீர் வாய்க்காலில் கொட்டும். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா ஓடிப்போய் அந்தத் தோலைப் பிடித்துக்கொண்டார். மாடுகள் மிரண்டன.

“அண்ணா, இதுவும் தோலு, வச்சிரமும் தோலு. இது மட்டும் ஏன் கரையல?”

“பதம் போட்ட தோலுடா அது. ஆவாரம்பட்டையில ஊறினது. கைய எடு மொதல்ல!” என்று அப்பா கத்தினார்.

ஆவாரம்பட்டைக்குப் பஞ்சமா? பட்டையைக் கொதிக்கவைத்த சாற்றில் தவளைகளை ஊறப்போட்டார். மேல்தோல் இறுகியது, இருந்தும் கால் மடிப்பில் விரிசல் விட்டது. சித்தேரி மலையிலிருந்து சந்தைக்கு வரும் கடுக்காயை வாங்கிவந்து இடித்துச் சேர்த்தார். அதிக நேரம் ஊறினால் தவளை செருப்பானது. குறைந்த நேரம் ஊறினால் பழையபடி கரைந்தது. நடுவில் எங்கோ ஒரு பதம் இருந்தது. அதைப் பிடிக்க அவர் இரவும் பகலும் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் விரல்கள் கருத்து, நகமெல்லாம் மசியில் தோய்ந்ததுபோல் ஆகிவிட்டன.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், அல்லி இலைகளுக்கு நடுவே அவர் வீசிய தவளையை ஒரு விரால் வந்து அடித்தது. நீர் வெடித்ததுபோல் இருந்தது. என் முழங்கை நீளத்துக்கு மீன். நான் கத்திக் குதித்தேன். சித்தப்பா மீனைப் பார்க்கவே இல்லை. அதன் வாயிலிருந்து தவளையைக் கழற்றி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் பட்ட தடம் இருந்தது. தவளை முழுசாக இருந்தது.

“சிலேட்டக் கொண்டா கண்ணு” என்றார்.

அச்செழுத்தைத் தலைகீழாக வாசிக்கத் தெரிந்த சித்தப்பாவுக்குக் கணக்கு மட்டும் வராது. கால், அரை என்று வந்துவிட்டால் வியர்த்துவிடும். எனக்கு அது கற்கண்டு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு தவளைக்கு வச்சிரம் அரையணா. வெல்லம் காலணா. கடுக்காயும் எண்ணெயும் சேர்த்துக் காலணா. குடைக்கம்பியை வளைத்து முள் செய்து தரக் கொல்லர் கேட்டது ஓரணா. ஆக இரண்டணா. விற்பது நாலணா. பாதிக்குப் பாதி நிற்கிறது!

“உங்களுக்குக் கூலி போட வேணாமா சித்தப்பா?”

“எனக்கு யாரு கூலி தர்றாங்க? பொருளுக்கு மட்டும் போடு.”

சிலேட்டை எடுத்துக்கொண்டு பொம்மிடிக்குப் பஸ்ஸில் போனால் அழிந்துவிடும் என்று எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரி நெட்டுருப் போட்டேன். கணக்குச் சொல்ல நானும் கூட வர வேண்டும் என்று சித்தப்பா அப்பாவிடம் கேட்டு அனுமதி வாங்கினார். தர்மபுரியில் வேறு பஸ் மாறினோம். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டிக் கரி போட்டு ஓட்டினார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போதும் நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்: வச்சிரம் அரையணா, வெல்லம் காலணா.

மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே, எனக்குத் தாத்தா முறையான சித்தியின் அப்பா உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவேற்று, தண்ணீர் கொடுத்து, எனக்குக் கை நிறைய வறுகடலை கொடுத்தார். உள்கட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. அங்கே குழந்தையின் சிணுங்கல் கேட்டது. சித்தப்பா அந்தப் பக்கம் பார்க்காமல், துணியை அவிழ்த்துத் தவளையை அவர் கையில் வைத்தார். தாத்தா அதை அழுத்திப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

நான் கைகட்டி நின்று கணக்கை ஒப்பித்தேன். ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

“கணக்கு சுத்தமா இருக்குதே” என்று தாத்தா மெச்சினார். பிறகு கேட்டார்: “ஒரு தடவ காய்ச்சினா எத்தன வார்ப்பீங்க பாப்பா?”

“எட்டுங்க தாத்தா.”

“எட்டும் நல்லா வருதா?”

சித்தப்பா வாயைத் திறந்தார். தாத்தா கையை உயர்த்தி, “பாப்பா சொல்லட்டுங்க மாப்ள” என்றார்.

“மூணு வரும் தாத்தா. இப்ப கடைசியா மூணு வந்துச்சு.”

“கெட்டுப்போன அஞ்சுக்கும் வச்சிரம் போட்டதுதான? வெல்லம் போட்டதுதான?” தாத்தா விரலை மடக்கத் தொடங்கினார். “முள்ள உட்டுட்டா ஒண்ணுக்கு ஓரணா. எட்டுக்கு எட்டணா. கெட்டதுல இருக்கற முள்ள உருவிக்கலாம். நல்ல மூணுக்கு மூணணா. ஆக பதினோரணா. மூணு வித்தா பன்னெண்டணா. நிக்கறது ஓரணா. வெறகு யாரு வூட்டுது?”

“எங்கூட்டுதுங்க.”

“ஒகேனக்கல்லுக்குப் பஸ் சார்ஜ்?”

அது என் கணக்கில் இல்லை.

“இந்த மூணு வர்றதுக்கு முந்தி எத்தன கெட்டுச்சு?”

பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. “எண்ணலீங்க தாத்தா. எங்க குப்பக்குழியில பாதி அதாங்க இருக்குது. பொங்கல்லேருந்து காய்ச்சறாங்க.”

“பொங்கல்லேருந்தா?”

கேட்டது தாத்தா அல்ல. கதவைப் பிடித்துக்கொண்டு சித்தி நின்றிருந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

“நடுவுல வேற எதுக்கும் போவலியா உங்க சித்தப்பா?”

“இல்லீங்க சித்தி. கரைஞ்சாலும் இதேதான், எறும்பு தின்னாலும் இதேதான். எல்லாரும் சிரிச்சாங்க. மறுபடியும் இதேதான்” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தப்பாவின் மானத்தை முழுசாக வாங்கிவிட்டேன் என்று தோன்றியது. சித்தி சித்தப்பாவின் கருத்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தாத்தா தவளையைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். “தப்பா நெனைக்காதீங்க மாப்ள. இத தொழில்னு சொல்ல முடியாதுங்க.”

“சரிங்க மாமா.” சித்தப்பாவின் குரல் தழையவில்லை. “எட்டுல ஆறு வர்ற வரைக்கும் காய்ச்சறேன். வந்ததும் மறுபடி கணக்குச் சொல்ல வர்றேன். பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வர்றேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. சித்தி இடுப்பில் குழந்தையும் கையில் துணி மூட்டையுமாக வந்து நின்றாள்.

“போய்ட்டு வர்றேம்ப்பா.”

“ஏங்கண்ணு, கணக்கு ஒத்து வரலியே?” என்றார் தாத்தா. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

“கேட்டுக்கிட்டுத்தாம்ப்பா இருந்தேன்” என்றாள் சித்தி.

தாத்தா அவளையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மண்டி ஆளைக் கூப்பிட்டு, அரை மூட்டை கடலையைப் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னார்.

எட்டில் ஆறு வர அந்த ஆடி ஆனது. சண்டை முடிகிற வரைக்கும் ஒகேனக்கல் சமையல்காரர் தவளைகளை வாங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மறுபடி கப்பலில் ரப்பர் வந்தது. சித்தப்பா அதே அடுப்பில் அச்சகங்களுக்கு ரோலர் வார்த்துக் கொடுக்கத் தொடங்கி, கடைசிவரை அதையே செய்தார். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பாகு கிண்டுவாள்.

அதெல்லாம் பின்னால். அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு ஒரே குழப்பம். சித்தப்பா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். சித்தி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் விரலை மடக்கி மறுபடியும் போட்டுப் பார்த்தேன். தாத்தாவின் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. விறகையும் பஸ் சார்ஜையும் சேர்த்தால் கைக்காசுதான் போகும். அதைக் கதவுக்குப் பின்னால் நின்று முழுசாகக் கேட்டுவிட்டும் இவள் எப்படிக் கிளம்பி வந்தாள்?

பாவம், சித்திக்குக் கணக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு முதலில் பெருக்கல் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.