பொறு என்று சொல்லும் கம்பி

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் பட்டறையில் இரும்பு வெட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. எதை எப்படி வெட்ட வேண்டும் என்று அதற்கு எழுத்தெழுத்தாகச் சொல்வது ஒரு கிழட்டு வீட்டுக் கணினி. விசைப்பலகையும் மூளையும் ஒரே டப்பாவில் அடைந்த, டிவியில் சொருகிப் பார்க்கும் ரகம். முதலாளி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் விளையாடியது. யாரோ அதை இயந்திரத்தோடு சீரியல் ஒயரால் கட்டிவிட்டுப் போனார்கள். கூடவே என்னையும் கட்டிவிட்டார்கள்.

கணினி கொட்டும் வேகத்துக்கு இயந்திரத்தால் விழுங்க முடியாது. குழந்தை வாயில் இருப்பதை முழுங்கும் முன் அடுத்த கரண்டியைத் திணிப்பது மாதிரிதான். ‘பொறு’ என்று சொல்ல இயந்திரத்தில் ஒரு கம்பி இருந்தது. அதைக் கேட்கக் கணினியில் காது இல்லை. அதனால் இயந்திரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால் நான் ஒரு விசையை அழுத்தி நிறுத்த வேண்டும், அணைந்தால் விட வேண்டும். கொஞ்சம் அசந்தால் எழுத்துகள் சிந்தி இரும்பு பாழ். மற்றவர்களைப் பழக்கிப் பார்த்தேன், யாருக்கும் பொறுமை இல்லை. காலையில் ஜார்ஜ் டவுனில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி இக்கரைக்கு வந்தால் மாலை வரை எனக்கு அந்த விளக்குதான். கழிவறைக்குப் போவதற்கும் அதைத்தான் கேட்க வேண்டும்.

ஜோகூர் பாருவில் இருக்கும் என் மகளுக்குத் தலைப்பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான்தான் அங்கே போக வேண்டும். முதலாளியிடம் லீவு கேட்டேன்.

“போங்கக்கா, வேணாம்னா சொல்றேன்? ஆனா நீங்க இல்லாம மெஷின் ஓடாதுலா. ஓடுற மாதிரி பண்ணிட்டுப் போங்க.”

அவர் என்னைவிடச் சின்னவர். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். மரியாதையாகவே கதவைச் சாத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தில்தான் கணினிக்குப் புது சீரியல் போர்டை வடிவமைத்தேன். வந்த எழுத்துகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு சிப். ‘பொறு’ கம்பிக்கு ஒரு காது. கம்பியைப் பார்த்த பிறகே அனுப்பும்படி கணினியின் புரோகிராமையும் மாற்றி எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஏதாவது நின்றுபோனால் ஜோகூரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று அதே போர்டின் இன்னொரு வாயில், போனில் கூப்பிட்டால் பதில் சொல்லும் குட்டி மோடம் ஒன்றையும் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

சோதனை நாளில் விளக்கு எரிந்தது, கணினி தானாகக் காத்திருந்தது, விளக்கு அணைந்ததும் தொடர்ந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பட்டறையில் அன்றுதான் தேத்தண்ணியைச் சூடாகக் குடித்தேன்.

நான் ஜோகூர் போய்ச் சேர்ந்த பிறகு மகளுக்கு வலி எடுத்தது ஆயுத பூசைக்கு மறுநாள் காலை. மருமகன் சிங்கப்பூர் வேலையிலிருந்து வரும் வழியில் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். பிரசவ அறையில் அவளுக்கு நான் மட்டும்தான். அப்போது போன் அதிர்ந்தது. முதலாளி.

“போகாதீங்கம்மா,” என்று மகள் என் கையைப் பிடித்தாள்.

“ரெண்டு நிமிஷம்லா,” என்று விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“மெஷின் அசையல அக்கா. இன்னைக்குச் சாமான் அனுப்பியாகணும்.”

போனிலிருந்தே மோடத்துக்கு அழைத்தேன். கணினி உடனே பதில் சொன்னது. ‘பொறு’ கம்பி மட்டும் விடாமல் பொறு, பொறு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று சந்தேகம் வந்தது. முதலாளியைத் திரும்பக் கூப்பிட்டேன்.

“நேத்து ஒயரக் கழட்டினீங்களா?”

“தொடைக்கக் கழட்டினோம். பூசைனா எதையும் விடக்கூடாதுல்ல.”

“சந்தனம் எங்க வச்சீங்க?”

“எல்லாத்துக்கும் வச்சோம். நீங்க செஞ்சதுன்னு அந்தப் புது போர்டுக்குத்தான் மொத பொட்டு. ஒயர் சொருகுற வாயில, நல்லாப் பெருசா.”

ஈரச் சந்தனத்தின் மேலேயே ஒயரைச் சொருகியிருக்கிறார்கள். திட்டவும் முடியவில்லை, அன்பாகச் செய்த காரியம். கரண்டை நிறுத்தச் சொன்னேன். பல் துலக்கும் பிரஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்க்கச் சொன்னேன், காற்றாடியில் காய வைக்கச் சொன்னேன். எழுத்துகள் மறுபடி ஓடுவதைப் போனில் பார்க்கும் வரை சுவரில் சாய்ந்து நின்றேன்.

“நல்ல வேளை அக்கா,” என்றார் முதலாளி. “இனிமே நீங்க எங்க இருந்தாலும் கவலையில்ல.”

கதவைத் திறந்தபோது குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றிவிட்டிருந்தார்கள். பேத்தி. அவளுடைய முதல் அழுகை எனக்குக் கேட்கவில்லை. தாதி அவளை என் கையில் கொடுத்தார்.

மகள் என்னைப் பார்த்தாள்.

“மெஷின் பொறுன்னா கேக்கறதுக்கு ஒயர் வச்சீங்க. நானும் போகாதீங்கன்னு சொன்னேனேம்மா.”

பையில் போன் மறுபடியும் அதிர்ந்தது.