இரண்டு பூட்டும் ஒரு பானைச் சோறும்

நின்றுபோன கணினி நிரல்களை மறுபடியும் ஓட வைப்பதுதான் என் பிழைப்பு. கம்பனி கொழும்பில் இருக்கிறது, நான் நுவரெலியாவில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், நெட் ஒழுங்காக நிற்காது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் முதலில் போவது அதுதான். அதனால் வாரநாட்களில் நுவரெலியா, சனி ஞாயிறு வீடு என்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் வாய்க்கு ஸ்டோரில், வேலை செய்து ஓய்வு பெற்றவர். சீனி வியாதிக்காரர். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார்.

நான் எழுதும் கணினி மொழியின் பெயர் ரஸ்ட். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பா ஒருநாள் கேட்டார். துரு என்றேன்.

"அந்தத் துருவோட சண்ட போட்டுத்தான் ஸ்டோருல என் காலமே போச்சு. நீ அதுக்குள்ளயே போயி ஒக்காந்துகிட்டு சம்பளம் வாங்குறியா" என்று சிரித்தார். அதன்பிறகு யார் கேட்டாலும் என் மகளுக்குத் துரு எடுக்கிற வேலை என்றுதான் சொல்வார்.

அது ஒரு சந்தேகப் பிராணியான மொழி. ஒரே பொருளை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மாற்றப் பார்த்தால் ஓடவே விடாது, வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டும். ஆரம்பத்தில் நானும் பதிலுக்கு நன்றாகத் திட்டியிருக்கிறேன். பொருளைத் தொட வேண்டுமென்றால் அதற்குரிய பூட்டை முதலில் கையில் எடுக்க வேண்டும், முடிந்ததும் விட்டுவிட வேண்டும், அதுவரை மற்றவர் காத்திருக்க வேண்டும். இவ்வளவு கண்டிப்பு பேசும் மொழிக்கும் ஒரு விஷயம் பிடிபடாது. ஒருவர் பொருளை ஒருவர் கெடுப்பதை அது தடுக்கும். ஒருவருக்காக ஒருவர் காத்து நின்று இரண்டு பேரும் பட்டினி கிடப்பதை அது தடுக்காது. இவர் கையில் ஒரு பூட்டு, அவர் கையில் ஒரு பூட்டு, இவருக்கு அவருடையதும் வேண்டும், அவருக்கு இவருடையதும் வேண்டும். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், ஆனால் நகர மாட்டார்கள். எதுவும் உடையாது, எந்தப் பிழைச் செய்தியும் வராது, நிரல் சும்மா நிற்கும்.

அந்த வருடம் அப்பா இரண்டு தடவை மயங்கி விழுந்தார். முதல் தடவை வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார்ந்தபடியே சாய்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சீனித்தண்ணீர் கொடுத்து எழுப்பினார்கள். இரண்டாவது தடவை பீலிக் குழாயில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டியதாகிவிட்டது. இரண்டும் பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகுதான் நடந்தன. உடம்பில் சீனி இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாரா என்று கேட்டார். இல்லை, சாப்பிட்டார் என்று அம்மா உறுதியாகச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்து, காரணம் தெரியும்வரை இவரைப் பகலில் தனியாக விடாதீர்கள் என்றார்.

அதாவது அப்பாவை நான் நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மாவால் வர முடியாது. அம்மா தோட்டத்தில் பேர் போட்டு வேலைக்குப் போகிறவரைதான் லயத்தில் அந்தக் காம்பரா, நாங்கள் இருக்கும் அறை, எங்களுடையது. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் பிரிந்து தூங்கியதே இல்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அப்பா, "ஒங்கம்மாவுக்கு வெறகு பொளக்க யாரு இருக்கா" என்று மட்டும் கேட்டார். இந்த மாதம் மட்டும் பார்ப்போம் என்று நானே தள்ளிப் போட்டேன்.

சனி ஞாயிறுகளில் அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். ஒன்றுமே இல்லை. நான் மூன்று தட்டையும் எடுத்து வைத்து, வாங்க வாங்க, ஆறிப்போகுது என்று கத்துவேன், மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம், அப்பா தெம்பாக முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டு அரசியல் பேசுவார். பார்க்கும்போது வராமல், பார்க்காதபோது வரும் கோளாறு எங்கள் தொழிலில் உண்டு. அந்த மாதிரிக் கோளாறுதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வாரநாட்களில் பகலில் போன் பண்ணி, சாப்பிட்டீங்களா என்று கேட்பேன். "ஆச்சும்மா, அப்பவே ஆச்சு" என்பார். அம்மாவின் போனுக்கு எடுத்தால் அவரும், "நானும் சாப்புட்டேன், அவரும் சாப்புட்டாரு, நீ வேலையப் பாரு" என்பார். நானும் நம்பிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

வேலையிலும் அப்போது ஒரு நிரல் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. நன்றாக ஓடும், திடீரென்று நிற்கும். நிரல் தன் போக்கில் எழுதி வைக்கும் குறிப்புகளை லாக் என்போம். அதைப் பார்த்தால் இரண்டு வேலைகளும் 'முடிந்தது' என்று எழுதியிருந்தன. முடிந்துவிட்டதென்றால் ஏன் நிற்கிறது? இன்னும் கூடுதலாகக் குறிப்பு எழுத வைத்துப் பார்த்தேன். அந்தத் தாமதத்திலேயே காரியம் மாறிப்போய், நிற்பதே இல்லை. அந்தக் கூடுதல் குறிப்பை எடுத்தவுடன் மறுபடி நின்றது. கணினியை மூடி வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கடைசியில்தான் அந்த வரியைக் கவனித்தேன். 'முடிந்தது' என்று எழுதும் வரியை யாரோ வேலைக்கு முன்னாலேயே வைத்திருந்தார்கள். செய்யப்போவதைச் செய்தாகிவிட்டது என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு போய் பூட்டுக்காகக் காத்து நின்றிருக்கின்றன இரண்டும். லாக்கை விட்டுவிட்டு, நின்ற நிலையிலேயே நிரலைப் பிடித்து உள்ளே பார்த்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் நிரல் நின்றுவிட்டது என்று என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள்தான். ஒவ்வொன்றின் கையிலும் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றும் எதற்காகக் காத்திருக்கிறது? எனக்கு நானே அதைக் கேட்டவுடன் பிடிபட்டுவிட்டது. எல்லோரும் பூட்டுகளை ஒரே வரிசையில்தான் எடுக்க வேண்டும், இது முதலில், அது பிறகு என்று மாற்றி எழுதினேன். அதன்பிறகு நிற்கவில்லை.

சந்தோஷத்தில் வீட்டுக்குப் போன் பண்ணினேன். சாப்பிட்டீங்களாப்பா?

"ஆச்சும்மா, அப்பவே ஆச்சு."

போனை வைத்த பிறகும் அந்தக் குரல் காதில் நின்றது. நான் தினமும் முடிந்ததா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அவர்களும் முடிந்தது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினேன். நானுஓயா தாண்டும்போது ஒரே மூடுபனி. தோட்டத்துச் சந்தியில் இறங்கி, இஸ்தோப்பில் இருக்கும் அப்பாவின் கண்ணில் படாமல் மரக்கறிப் பாத்திப் பக்கமாகச் சுற்றிக் குசினியின் பின்கதவுக்கு வந்தேன். பெற்ற அப்பா அம்மாவை ஒளிந்து பார்ப்பது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. அம்மா அப்போதுதான் பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு மூச்சு வாங்க உள்ளே வந்தார், அப்பாவும் இஸ்தோப்பிலிருந்து எழுந்து கூடவே வந்தார்.

"வந்துட்டியா. ஒக்காரு, மொதல்ல சாப்புடு" என்றார் அப்பா.

"நீங்க சாப்புட்டீங்களா?"

"மருந்து போட்டா பசி பொறுக்குமா. அப்பவே சாப்புட்டேன்."

பானை மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "சோறு ஆக்கி வச்சபடியே இருக்கு" என்றார் அம்மா.

"நீ கூடுதலா ஆக்கிட்ட. அதான் அப்படித் தெரியுது. நீ சாப்புடு, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எனக்கு வேணாங்க. மலையிலயே எல்லாரோடயும் ரொட்டி சாப்புட்டேன். நீங்க இன்னும் ரெண்டு வாய் சாப்புடுங்க, நான் பாத்துட்டுப் போறேன்."

"நீ சாப்புடு, அப்புறம் பாப்போம்."

"நீங்க சாப்புடுங்க, நான் அந்திக்குச் சாப்புடுறேன்."

கதவிடுக்கில் பார்த்தேன். இரண்டு பேரும் பானைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஆக்கிய சோறு ஆறிப்போயிருந்தது. அவர் சாப்பிடுவதைப் பார்த்தால்தான் இவருக்கு இறங்கும். இவர் சாப்பிடுவதைப் பார்த்தால்தான் அவருக்கு இறங்கும். மற்றவரைத் தொடங்க வைக்கத்தான் இரண்டு பேரும், முடிந்தது என்று பொய் சொல்கிறார்கள். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

உள்ளே போனேன். அம்மா பதறி எழுந்தார். "என்னா புள்ள இந்த நேரத்துல, ஒடம்புக்கு முடியலையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. சாப்புட்டீங்களான்னு ஒங்ககிட்ட இனிமே கேக்க மாட்டேன். எதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க, அத மட்டும் சொல்லுங்க."

அப்பா தரையைப் பார்த்தார். "இவ மலையில அந்த ஒரு ரொட்டியோட ஏறி எறங்குறா. வீட்டுல சும்மா இருக்கிறவன் எனக்கு எப்படிப் புள்ள தொண்டையில எறங்கும்?"

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப பீலியில விழுந்த அன்னைக்கும் நீங்க சாப்புடலையா?"

அப்பா நெற்றியிலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட நாந்தானே சொன்னேன், சாப்புட்டாருன்னு" என்றார் அம்மா. "மருந்தப் போட்டுட்டு நீங்க ஒக்காந்திருப்பீங்களோன்னுதான் நான் ரொட்டியக் கூடத் தொடாம ஓடி வர்றேன்."

ரொட்டியையும் தொடுவதில்லையா என்று இப்போது அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

நான் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னேன். இனிமேல் ஒரு வரிசை வைத்துக்கொள்வோம், ஒரு ஆள் முதலில், ஒரு ஆள் பிறகு, தினமும் அதே வரிசைதான், மாற்றக்கூடாது. இரண்டு பேரும் உடனே தலையாட்டினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"அப்ப அவ மொதல்ல" என்றார் அப்பா.

"அவரு மொதல்ல" என்றார் அம்மா, அதே நேரத்தில்.

கணினியாக இருந்தால் நானே முடிவு செய்து எழுதிவிட்டுப் போயிருப்பேன். இவர்களை என்ன செய்வது? இரண்டு பூட்டையும் நீக்கிவிட்டு ஒன்றே ஒன்று வைக்கும் வழி எங்களிடம் இன்னொன்று உண்டு. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா எழுந்துபோய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு தட்டு. சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றிப் பிசைந்து, ஓர் உருண்டையை அப்பாவின் வாய்க்கு நேராக நீட்டினார். என் முன்னால் அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபட நின்றுகூட நான் பார்த்ததில்லை. அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார், வெட்கப்பட்டார், பிறகு வாயைத் திறந்தார். மென்று விழுங்கியவுடன் அதே தட்டிலிருந்து ஓர் உருண்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அழுதுகொண்டே வாங்கிக்கொண்டார்.

மேலே மலையிலிருந்து கங்காணி கூப்பிடும் சத்தம் கேட்டது. நேரமாகிவிட்டால் பாதி நாள் சம்பளம்தான், அரைப் பேர் என்பார்கள். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அரைப் பேரு போட்டாப் போடட்டும்" என்றார். "நீங்க மெல்லுங்க."

பாதித் தட்டு காலியான பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் நுவரெலியாவுக்கு வரணுமா புள்ள?"

"வேணாம்ப்பா. நீங்க இங்கயே இருங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொரு உருண்டையைப் பிடித்தவர் கையை நடுவில் நிறுத்தினார். "நீ சாப்புட்டியா?"

"ஆச்சுப்பா, அப்பவே ஆச்சு" என்றேன்.

அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நான் ஒன்றும் யோசித்துச் சொல்லவில்லை. காலையில் ஒரு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியவள் நான். பானையில் இருந்தது இரண்டு பேருக்கு ஆக்கிய சோறு, நான் உட்கார்ந்தால் இவர்களுக்குக் குறையும். அவ்வளவும் என் வாய்க்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"இல்லப்பா" என்றேன். "பசிக்குது."

அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து தட்டை என் பக்கம் தள்ளினார்.