ராசு அண்ணனின் களர்க்காட்டு உளுந்து

ராசு அண்ணன் போய்விட்டார். நேற்று விடியக்காலை நெஞ்சு வலி… ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் உயிர் உர யூனிட்டில் டெலிவரி வேன் ஓட்டியவர். நான் அங்கே பேக்கிங்கில் இருக்கிறேன். இன்று யூனிட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் திருமங்கலம் பக்கம் அவர் ஊருக்குப் போய்த் திரும்பினோம். தூக்கம் வரவில்லை, அதான் எழுதுகிறேன்.

கத்திக்கொண்டே இருப்பார் மனுஷன். ரைசோபியம் பாக்கெட் பெட்டியை யாராவது வெயிலில் வைத்துவிட்டால் போச்சு. "ஏத்தா, உள்ள இருக்கிறது உசுரு. ஒன்னய இந்த வெயில்ல ஒக்கார வச்சா நீ சும்மா இருப்பியா?"

உண்மைதான். அது பாக்டீரியா. உளுந்து, பயறு வேரில் தங்கிப் பயிருக்குத் தழைச்சத்து கொடுக்கும். சூடு பட்டால் செத்துப்போகும்.

ஒருமுறை கோச்சடையில் டிராஃபிக் போலீஸ் வேனை நிறுத்தியபோதும் இதையே சொல்லியிருக்கிறார். "சார், உள்ள உசுரு கெடக்கு, நெழல்ல நிறுத்திக்கிறேன் சார்." ஆடு கடத்துகிறார் என்று நினைத்துப் பெட்டி பெட்டியாக இறக்கிப் பார்த்துவிட்டார்கள். உள்ளே கறுப்புப் பொடி பாக்கெட். இதை அவர் சொல்லக் கேட்கணும்… சிரித்தே வயிறு வலிக்கும்.

அவர் வீட்டில் காலங்காலமாக எல்லோரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பது அண்ணனுக்கு வெறி. கைக்கு எட்டியது களர் நிலம்தான். உப்பு பூத்து வெள்ளையாகக் கிடக்கும். ஊரில் ஒரே கேலி. "என்னப்பா ராசு, கொழம்புக்கு உப்பு ஒங்காட்டுல அள்ளிக்கிறவா?"

உப்பை முறிக்க ஜிப்சம் போட்டார். வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கி வடித்தார். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து அப்படியே மடக்கி உழுதார். சம்பளமெல்லாம் அதற்குத்தான் போனது. அவர் மனைவியை நாங்கள் மதினி என்றுதான் கூப்பிடுவோம். மதினிக்கு அந்தக் காட்டின் பேரைக் கேட்டாலே ஆகாது. வித்துத் தொலைங்க என்று தினம் சண்டை.

போன வருஷம்தான் முதன்முதலாக உளுந்து போட்டார். ரைசோபியத்தைக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்ட வேண்டும். கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். போகிற ஊரெல்லாம் விவசாயிகளிடம் தொண்டை கிழிய இதைச் சொல்பவர் அவர்தான். ஆனால் தன் காட்டில் விதைக்கிற அன்று, ராகுகாலம் வந்துவிடுமே என்ற அவசரத்தில், கொதிக்கிற கஞ்சியில் பாக்கெட்டைக் கொட்டிவிட்டார்!

பயிர் மஞ்சளடித்து நின்றது. நாங்கள் விடுவோமா… "நல்ல நேரம் பாத்து அம்புட்டையும் அவிச்சுப்புட்டீகளேண்ணே!" அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

வீட்டில் சிரிப்பு இல்லை. இன்னும் ஒரே ஒரு வெள்ளாமை பார்க்கிறேன், அதுவும் விளையாவிட்டால் விற்றுவிடுகிறேன் என்று மதினிக்கு வாக்குக் கொடுத்தார். இந்தத் தடவை கஞ்சியை ஃபேனுக்குக் கீழே வைத்து, விரலை விட்டுப் பார்த்துத்தான் கலந்தாராம்.

பூ எடுத்த சமயம் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி யூனிட்டுக்குக் கொண்டுவந்தார். வேரெல்லாம் குட்டிக் குட்டி முடிச்சு. ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே நல்ல சிவப்பு. அப்படிச் சிவந்திருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"பாருத்தா… உப்புக்காட்டுல பாரு…"

செடியைத் திரும்பவும் ஈரச் சாக்கில் பதமாகச் சுற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது காய் கறுத்து முற்றி நிற்கிறது. வியாழக்கிழமை அறுக்க ஆள் சொல்லி வைத்திருந்தார். ஒரே ஒரு வெள்ளாமை… அதை வீடு கொண்டுவந்து சேர்க்கக்கூட விடவில்லையே.

இன்று சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். மதினியின் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். "இனி யாருத்தா அந்தக் காட்டப் பாக்கிறது… கேக்கிற ஆளுக்குக் குடுத்துருவோம்."

மதினிக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வெளையலேன்னாத்தேன் விக்கிறதுன்னு பேச்சு. வெளஞ்சிருக்குல்லண்ணே."

அதோடு விற்கிற பேச்சு நின்றது.

ராசு அண்ணே, வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிட்டேன். நானும் அறுக்க வாரேன்.