கல்லறை இல்லாதவருக்கு ஒரு பூசை

இயேசுவில் பிரியமான சகோதர சகோதரிகளே, ஏழு வருடமாக என் கணவரை இறந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாயைத் திறந்துவிட்ட ஆண்டவருக்கு நன்றியாக இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. கற்பிட்டிப் பக்கம், கடற்கரையில் எங்கள் வீடு. என் கணவர் அன்ரனும் அவருடைய கூட்டாளி பிரான்சிசும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள். ஒரு வைகாசி மாதம், சனிக்கிழமை பின்னேரம் வலை போடப் போனார்கள். காற்று மாறிவிட்டது. மூன்றாம் நாள் பிரான்சிசின் உடல் உச்சமுனைக் கரையில் ஒதுங்கியது. கவிழ்ந்த வள்ளமும் கிடைத்தது. அன்ரன் கிடைக்கவில்லை.

பிரான்சிசை எங்கள் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். அவருடைய மனைவி மேர்சி குழிக்குப் பக்கத்தில் விழுந்து அழுதாள். நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஓம், பொறாமைதான். அழுவதற்கு அவளுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டதே! அன்றோடு அவளுடன் கதைப்பதை நிறுத்திவிட்டேன்.

நான் காத்திருந்தேன். வேறு படகு அவரைக் காப்பாற்றியிருக்கும், இந்தியக் கரையில் ஒதுங்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பர் வெட்டுப்படக் கூடாதென்று மாதா மாதம் அவருடைய போனுக்கு ரீலோட் போட்டேன். சகல ஆத்துமாக்களின் நாளில் ஊரே மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போகும். நான் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பேன். அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தால் நானே அவரைக் கொன்றதாகிவிடும் என்று பயம்.

போன வருடம் என் ஒரே மகள் டிலுக்ஷிக்குக் கலியாணம் பேசினோம். கார்ட் அடிக்கப் புத்தளத்துக்குப் போனேன். அச்சகத்து முஸ்லிம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம், நல்ல மனிசன். எல்லாவற்றையும் எழுதிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, புள்ளட அப்பாட பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' எண்டு போடவா?"

"பிறகு சொல்றன் நானா" என்று எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நோகும் எண்டுதாம்மா நான் அப்பாவுக்கு ஒரு பூசை கூடக் கேக்கல்ல" என்றாள். என் பிள்ளையையும் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

காணாமல் போனதைக் காட்டித் தருகிற புனித அந்தோனியாரிடம் ஒன்பது செவ்வாய்க்கிழமை செபம் தொடங்கினேன். அவர் எங்கே? அது ஒன்றுதான் என் கேள்வி. ஒன்பதாவது செவ்வாயும் முடிந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. கோவிலில் இருந்து கோபத்தோடுதான் திரும்பினேன்.

அன்று பின்னேரம் மேர்சி என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

"அக்கா, ஏசாதீங்க. பிள்ளைட கலியாணத்துக்கு முதல் உங்கள்ட்ட சொல்லிப்போடணும். ஏழு வருசமா என்ட இவருக்குச் செபிக்கேக்க அன்ரன் அண்ணன்ட பேரையும் சேத்துத்தான் சொல்றன். ரெண்டு பேரும் ஒரே வள்ளத்தில போனவங்க. ஒராள்ட பேரை மட்டும் சொல்ல எனக்கு ஏலல்ல."

"என்ட புருசன் செத்துப்போயிட்டார் எண்டு உனக்கு யார் சொன்னது?" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை, கோபிக்கவுமில்லை. "அவர் உயிரோட இருந்தாலும் அந்தச் செபம் அவருக்கு நல்லதத்தானே அக்கா செய்யும்?" என்றாள்.

நான் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு நான் இருந்த அத்தனை வருடமும் இவள் என் மனிசனை ஆண்டவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். அவர் எங்கே என்று கேட்டேன். அவர் ஒருநாளும் கைவிடப்படவில்லை என்ற பதில் என் வாசலுக்கே வந்தது. அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஏழு வருட அழுகை. மேர்சி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் காலையே பாதரிடம் போய் அன்ரனுக்காகப் பூசை கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் அவர் பெயர் வாசிக்கப்பட்டது. நெஞ்சு நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முழு மூச்சு ஒன்று விட்டேன். பிறகு அச்சகத்து நானாவுக்குப் போன் எடுத்து, "போடுங்க" என்றேன். ரீலோட் போடுவதையும் விட்டுவிட்டேன்.

பிரான்சிசின் கல்லறைச் சிலுவையில் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. மேர்சி தூரிகை பிடிக்க, நான் பெயின்ட் டின்னைப் பிடித்துக்கொண்டேன். "அன்ரன்" என்று எழுதினோம். எழுத்துச் சரிந்துவிட்டது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மாற்றம் என்னவென்றால், எனக்கும் ஒரு நாள் இருக்கிறது என்று இப்போது பயமில்லாமல் நினைக்க முடிகிறது. "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று சின்ன வயதிலிருந்து செபமாலையில் சொல்லி வந்தேன். என்ன சொல்கிறேன் என்று இப்போதுதான் கேட்கிறேன். என்னை அடக்கம் செய்ய எந்தச் சேலை என்று மகளிடம் சொல்லி வைத்தேன். "கலியாண வீட்டில கதைக்கிற கதையா இது!" என்று ஏசினாள். ஆனால் எந்தச் சேலை என்று மறக்கவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் பெயர் சொல்லப்படாத ஒருவர் இருக்கலாம். யுத்தத்தில் காணாமல் போனவராக இருக்கலாம், கோபத்தோடு பிரிந்து போய் இறந்தவராக இருக்கலாம். அவரை ஆண்டவர் கையில் கொடுத்துப் பாருங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை. நானும் மேர்சியும் தினமும் பின்னேரம் சேர்ந்திருந்து செபிக்கிறோம். உங்களால் முடிகிற நாள் வரும்வரை, உங்கள் ஆளையும் சேர்த்து நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.